மூக்கையூர்ச் சேறு திருச்சுழியில் தொடங்குகிறது

(கருத்தரங்கத் தலைமை உரை)



முகத்துவார நீர்த்தேக்கங்களைப் பற்றிப் பேசத் திருச்சுழிக்கு ஏன் வர வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இந்த ஊரைத் தொட்டுப் போகும் குண்டாறு கமுதியைக் கடந்து, சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூரில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால்தான் தண்ணீர் அதுவரை போகும். போகிற தண்ணீர் நம் கரிசலையும் செவலையும் கரைத்துக்கொண்டு போகிறது. அங்கே படியும் சேறு இங்கிருந்து கிளம்பியது. அதனால்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது நிறைவேறிக் குண்டாற்றில் தண்ணீர் கூடினால், கடலில் கலக்கும் நீரை முகத்துவாரத்திலேயே மறித்துத் தேக்கலாமே என்ற பேச்சு எழும். குடிநீருக்குத் தவிக்கும் கடலோரத்தில் அது நியாயமான ஆசை. ஆனால் கரை எழுப்பும் முன் அடியில் கிடக்கும் சேற்றைப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கரிசல் களித்துகள் மிக நுண்ணியது. நன்னீரில் நாள்கணக்கில் மிதக்கும். உப்புநீர் பட்டதும் திரண்டு, கனத்து, கீழே இறங்கும். வயலில் போட்ட டி.ஏ.பி. உரத்தின் மணிச்சத்தும் அதை ஒட்டிக்கொண்டே இறங்கும். சேற்றில் இருக்கும் இரும்பு அந்தச் சத்தைப் பிடித்து வைத்திருக்கும். முகத்துவாரத்தை மறித்தால் ஓதம் நிற்கிறது. கனத்த உப்புநீர் அடியில் தங்க, மேலே நன்னீர் மூடிக்கொள்கிறது. அடிநீரில் உயிர்வளி தீர்கிறது. அப்போது இரும்பின் பிடி தளரும். கடல்நீர் விட்டுப்போன சல்பேட்டிலிருந்து நுண்ணுயிர்கள் அழுகல் முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும்; அது இரும்பைக் கவர்ந்து சேற்றைக் கறுக்கவைக்கும். விடுபட்ட மணிச்சத்து மேலே வந்து நீலப்பச்சைப் பாசியை வளர்க்கும். மேலிருந்து புதிய அழுக்கு வராவிட்டாலும் பழைய சேறே ஆண்டுக்கணக்கில் நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கும். சேற்றின் துளைகளில் சிக்கிய உப்பும் மெல்ல மெல்லத்தான் வெளியேறும்.

தென்கொரியா 1994-இல் 12.7 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் எழுப்பிச் சிஹ்வா ஏரியை நன்னீராக்க முனைந்தது. தொழிற்சாலைக் கழிவு அடியில் சேர்ந்து நீர் கெட்டது. மதகைத் திறந்து கடலை மறுபடி உள்ளே விட்டார்கள். நன்னீர்த் திட்டமே கைவிடப்பட்டது. 2011 முதல் அங்கே 254 மெகாவாட் ஓத மின்நிலையம் ஓடுகிறது.

சிங்கப்பூரின் வரிசை வேறு. 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் துப்புரவு செய்தார்கள். கழிவு வந்த வழிகளை அடைத்தார்கள், அடிச்சேற்றை வாரினார்கள். முகத்துவாரத்தை மறிக்கும் மரீனா அணைக்கட்டு 2008-இல்தான் வந்தது. சிஹ்வாவைவிட இதையே நம் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பேன்.

நமக்கு நெருங்கிய பாடம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பொறியாளர் ஆறுமுகம் வகுத்த திட்டம், ஆனையிறவு, வடமராட்சிக் கடல்நீரேரிகளின் உப்பை ஆண்டுதோறும் மழைநீரால் கழுவி நன்னீராக்கப் பார்த்தது. தொண்டைமானாற்றில் தடுப்பணை எழுந்தது. பிற்பாடு கதவுகள் பழுதுபட்டன, உப்புநீர் திரும்ப ஏறியது. கணக்கு நல்ல கணக்குதான். கதவைப் பேண ஆளில்லாமல் போனால் எந்தக் கணக்கும் நிற்காது.

இனி நம் கண்மாய்கள். வரத்துக்காலில் வரும் வண்டலை முதலில் பிடிப்பவை அவையே. ஒரு கண்மாய் கலுங்கு பாய்ந்தால் அடுத்ததற்கு ஓரளவு தெளிந்த நீர் போகும். கோடையில் கரம்பை அள்ளி வயலில் அடித்த வழக்கம் இந்த வட்டாரத்தின் பெரிய அறிவு. வயலைவிட்டு ஓடிய சத்து அதனால் வயலுக்கே திரும்பியது, மடையும் தூர்ந்துபோகாமல் இருந்தது. இன்று பல கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டி, நீர்பிடிப்பு மேடாகிக் கிடக்கிறது. அங்கே தங்க இடமில்லாத வண்டல் கீழே போகிறது. மூக்கையூருக்கு அப்பால் இருப்பது 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளும் பவளப்பாறைகளும். கலங்கல் மிகுந்தால் பவளம் பிழைக்காது. திருச்சுழிக் கண்மாயைத் தூர்வாருவது மூக்கையூர் மீனவருக்கும் செய்யும் வேலை.

கட்டுரை வாசிக்கவிருக்கும் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேல்நீரின் மாதிரியோடு நிறுத்திவிடாதீர்கள். அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுங்கள்; அதன் உப்பு, மணிச்சத்து, இரும்பு, கந்தகம் நான்கையும் அளந்து சொல்லுங்கள். வெள்ளக் காலத்தில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை எடுங்கள். இந்த அவையில் இருக்கும் விவசாயிகள் எந்தக் கண்மாயில் எந்த மூலையில் வண்டல் தங்கும் என்று அறிந்தவர்கள். அவர்களை அமர்வுகளில் பேச வையுங்கள். அளவுகள் கைக்கு வரும்வரை மூக்கையூரில் எந்தத் தடுப்பணைக்கும் பரிந்துரை செய்ய வேண்டாம் என்று இக்கருத்தரங்கு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.