தற்காலிகம் என்னும் முத்திரை



போர் என்றதும் நம் கண்முன் நிற்பது பீரங்கி. அஞ்சற்பையை எவரும் நினைப்பதில்லை. ஆயினும், முதல் உலகப் போரின்போது இலண்டன் ரீஜண்ட் பூங்காவில் எழுந்த மரக் கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து ஏக்கர் பரப்பு! போர்முனைக்குச் செல்லும் கடிதங்கள், உச்ச காலத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 இலட்சம், அங்கேதான் தரம் பிரிக்கப்பட்டன. பிரித்தவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்கள் அங்கு வந்தது எங்ஙனம்? பிரிட்டிஷ் அஞ்சல் துறையிலிருந்து 75,000 பேர் படைக்குச் சென்றனர். காலியான இடங்களை நிரப்ப, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே சுமார் 35,000 பெண்கள் அமர்த்தப்பட்டனர். அமர்த்தும்போதே அவர்கள்மீது குத்தப்பட்ட முத்திரை, 'தற்காலிகம்'!

அம்முத்திரைக்குப் பொருள் என்ன? நிலையான ஊழியனுக்கு ஓய்வூதியம் உண்டு; இவளுக்கு இல்லை. அவன் சுமந்த பையையே அவளும் சுமந்தாள். அவன் நனைந்த மழையிலேயே அவளும் நனைந்தாள். கூலி மட்டும் குறைவு. போர் முடியும் தறுவாயில் வாழ்க்கைச் செலவு 1914-ஐப்போல் இரு மடங்கைத் தாண்டிற்று. ஈடுகட்டப் போர்ப்படி தந்தார்கள். அதிலும் பெண்ணுக்குக் குறைந்த அளவே. ரொட்டிக் கடைக்காரன் ஆணுக்கொரு விலை, பெண்ணுக்கொரு விலை என்றா வைத்திருந்தான்?

கூலியைவிடக் கொடியது ஒன்றுண்டு. பெறவேண்டியவன் களத்தில் மடிந்ததால் திரும்பிவந்த கடிதங்களும் அஞ்சல் ஊழியர் கைவழியேதான் சென்றன. தன் கணவனையோ அண்ணனையோ போருக்கு அனுப்பிய பெண் அக்கட்டுகளைப் பிரிக்கும்போது என்ன நினைத்திருப்பாள்? அதற்கு எந்தப் படியும் இல்லை.

"போனவர்கள் திரும்பினால் வேலை வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும், யார் மறுத்தார்? ஆனால், திரும்புவோனுக்கு இடம் கொடு என்பது ஒரு வாதம். இருப்பவளுக்குக் கூலியைக் குறை என்பது முற்றிலும் வேறு வாதம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைத்தார்கள். ஆண் தொழிலாளரிலும் பலர் இதை உணரவில்லை. மலிந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் இடத்தில் தம் கூலியும் நாளை மலியும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. அந்தப் பழியை நாம் மறைக்கவேண்டியதில்லை.

படைக்குச் சென்றவர்களுள் ஏறத்தாழ 8,500 பேர் திரும்பவே இல்லை. இருந்தும், போர் ஓய்ந்தபின் தற்காலிகப் பெண்களுள் மிகப் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மணமான பெண்ணுக்கு நிலையான பணி கூடாதென்ற விதி பிரிட்டிஷ் அரசுப் பணிகளில் 1946 வரை நீடித்தது. சம ஊதியத்தை 1955-இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அதையும் தவணை தவணையாகக் கொடுத்து 1961-இல் முடித்தார்கள். 1914-இல் இருபது வயதில் பை சுமந்தவளுக்கு அப்போது வயது 67.