பழக்கமும் வியப்பும்

குழந்தை கேட்கும் கேள்விகளுக்குக் கணக்கில்லை. அக்குழந்தையே வளர்ந்து, பட்டம் பெற்று, ஓர் உத்தியோகத்திலும் அமர்ந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு கேள்வியேனும் கேட்கிறதா என்பது ஐயமே. இதற்குப் பழக்கத்தின்மீது பழி போடுவது உலக வழக்கம். அதே நேரத்தில் எழுந்து, அதே தெருவில் நடந்து, அதே வேலையைச் செய்கிறவனுக்குப் புதுமை எங்கிருந்து வரும் என்பார்கள். இவ்வாதத்தை நான் முழுவதும் ஏற்பதற்கில்லை. சார்லஸ் டார்வினின் பிற்கால வாழ்க்கையே அதற்குத் தடையாக நிற்கிறது.

டார்வின் என்றதும், 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றி வந்த இளைஞரே நம் நினைவுக்கு வருகிறார். அப்பயணத்திற்குப் பிறகு அவர் பிரிட்டனை விட்டு வெளியே சென்றதே இல்லை. 1842இல் இலண்டனுக்கு அருகிலுள்ள டௌன் என்னும் சிற்றூரில் குடியேறியவர், 1882இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய நாள் கடிகாரம் போல ஓடிற்று. எழுத்து வேலைக்கு ஒரு நேரம், கடிதங்களுக்கு ஒரு நேரம், தோட்டத்து மணற்பாதையில் உலாவுவதற்கு ஒரு நேரம். இரவில் மனைவியோடு பகடை உருட்டி இரண்டு ஆட்டம். நம் அலுவலகக் குமாஸ்தாக்கள்கூட இத்தனை ஒழுங்காக வாழ்ந்திருப்பார்களா என்பது சந்தேகம்!

அந்த ஒழுங்குக்குள் அவர் விடாது வளர்த்துவந்த கேள்விகளுள் ஒன்று மண்புழுவைப் பற்றியது. கப்பலிலிருந்து திரும்பிய பிறகு அவருடைய தாய்மாமன் ஒரு வயலைக் காட்டினார். (அந்த மாமன் மகளையே டார்வின் பின்னர் மணந்தார், நமக்கு இது புதிய முறையன்று.) வயலின்மேல் என்றோ தூவிய சுண்ணாம்பும் கரித்துண்டுகளும், யாரும் புதைக்காமலே தரைக்கடியில் சில அங்குலம் இறங்கிக் கிடந்தன. மண்புழுக்கள் கீழ்மண்ணை உண்டு மேலே கொணர்ந்து குவிப்பதே காரணம் என்றார் மாமன். இதைப் பற்றி 1837இல் இலண்டன் புவியியற் கழகத்தில் டார்வின் ஒரு கட்டுரையும் படித்தார். வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பார். இவரோ 1842 டிசம்பரில் தம் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். 1871 நவம்பரில் அங்கே பள்ளம் வெட்டச் செய்தபோது, 7 அங்குல ஆழத்தில் அந்தத் துண்டுகள் வெள்ளைக் கோடாக நின்றன. இடையில் கடந்தவை 29 ஆண்டுகள்!

பிறகு மண்புழுக்களைத் தொட்டியிலிட்டு அறைக்குள்ளேயே வளர்த்தார். அவற்றுக்குச் செவிப்புலன் உண்டா என்றறிய ஊதல் ஊதினார். பியானோ வாசிக்கச் செய்தார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும், அதிர்வு தாக்கி அவை வளைக்குள் ஓடி ஒளிந்தன. இலைகளை வளைக்குள் இழுக்கும்போது எந்த முனையைப் பற்றுகின்றன என்பது அடுத்த கேள்வி. 303 காகித முக்கோணங்களை வெட்டிப் போட்டார். நூற்றுக்கு 62 முக்கோணங்கள் கூர்முனையால் இழுக்கப்பட்டிருந்தன. எழுபது வயதை எட்டிய உலகப் புகழ்பெற்ற அறிஞர் காகித முக்கோணங்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண், புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்று கணக்கிட்டு, 1881இல் அவர் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 72.

ஆனால் இதே டார்வினின் வாழ்க்கைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. இளமையில் அவர் கவிதைப் பித்தர். கப்பற்பயணத்தில் மில்டனின் காவியத்தைக் கையோடு வைத்திருந்தார். 1876இல் தம் குடும்பத்தாருக்காக எழுதிய வாழ்க்கைக் குறிப்பிலோ, இப்போது ஒரு வரிக் கவிதையையும் தம்மால் பொறுமையாகப் படிக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியரும் கசக்கிறார் என்று வருந்துகிறார். செய்திகளை அரைத்துப் பொதுவிதிகளைப் பிழிந்தெடுக்கும் இயந்திரமாகத் தம் மனம் ஆகிவிட்டதோ என்று அஞ்சுகிறார். மீண்டும் ஒரு வாழ்க்கை கிடைத்தால், வாரத்துக்கு ஒரு முறையேனும் சிறிது கவிதை படித்து இசையும் கேட்பதை விதியாகக் கொள்வேன் என்கிறார்.

ஆகவே நாள்தோறும் நடந்த மணற்பாதை அவரை மந்தமாக்கவில்லை. அங்கே கேள்வி உடன் நடந்தது. நடப்பதையே நிறுத்திவிட்ட பாதையில்தான் புல் முளைத்துவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை என்று அவர் கேட்ட அளவு எத்தனை சிறியது! மாணவர்களாகிய உங்களுக்கு இன்று அது ஒரு பொருட்டன்று. கணிதம் பயில்வோர் ஒரு பாட்டையும், இலக்கியம் பயில்வோர் ஒரு பூச்சியையும் வாரம் ஒருநாள் கூர்ந்து பார்ப்பதற்கு எந்தத் தேர்வும் தடை சொல்லாது.

டார்வினின் நூல் வெளியாகிப் பத்தாண்டு கழித்து, 1891இல், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்னும் பாத்திரம், நாட்டுப்புறத்தில் நின்று நாங்கூழ்ப் புழுவைக் கண்டு, உழவனுக்காக ஓயாது மண்ணைப் பதப்படுத்தும் அதன் உழைப்பை வியந்து பேசுகிறான். டார்வினிடம் பிரிந்துபோன ஆராய்ச்சியும் கவிதையும் ஒரு புழுவின் முன்னே கூடி நிற்கக் காண்கிறோம். அந்நாடகம் உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும். மழை விட்ட மறுநாள் காலையில், விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், நாங்கூழ் எழுப்பிய மண்குவியல்களும் இருக்கும்.