மௌனம் சம்மதமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"உடன்படிக்கை" என்ற சொல்லை நாம் முதன்முதலிற் கேட்டது மிஷன் பாடசாலையின் வேதாகம வகுப்பிலே. சீனாய் மலையடியில் சட்டம் வாசிக்கப்பட்டபோது மக்கள் யாவரும் வாய் திறந்து அதனை ஏற்றனர் என்று படித்தோம். பல்கலைக்கழகத்தில் அதே சொல் அரசியற் கோலம் பூண்டு நம்முன் வந்து நின்றது.

உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து அலைக்கழிந்த பின்னர், 1651இல் தோமஸ் ஹொப்ஸ் "லெவியதான்" என்னும் நூலை வெளியிட்டார். அரசு இல்லையேல் ஒருவனுக்கு ஒருவன் பகைவன். ஆகவே மக்கள் தம்முள் ஒப்பந்தஞ் செய்து, தம் உரிமைகளை ஓர் அதிகாரத்திடம் ஒப்படைக்கின்றனர் என்றார். 1689இல் ஜோன் லொக் வேறு வழி சென்றார். உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காப்பதற்கே அரசு. காக்க வேண்டியவனே கவர்ந்தால் அவனை நீக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்றார்.

இது கடல் கடந்த கதை என்று எண்ணற்க. வரம்பற்ற முடியாட்சி மக்களை எவ்வாறு காக்கும் என்பதை அறிய விரும்புவோர், இலங்கையைப் பற்றி அண்மையில் வந்த நூலைப் பார்க்கலாம் என்று லொக் எழுதினார். அது 1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூல். 1660இல் பிடிபட்ட நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்கன் ஆட்சியில் 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் மறியலிருந்தவர். நம் அயலிலுள்ள எலதெத்தவில் வாழ்ந்தவர். நாம் நாள்தோறும் காணும் இம்மலைகளே லொக்கின் வாதத்துக்குச் சான்றாயின!

126 ஆண்டுகள் கழிந்தன. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி அரண்மனை மண்டபத்தில், தேசாதிபதி பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் ஓர் உடன்படிக்கை செய்தனர். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் தன் கொடுமையால் அரசுரிமையை இழந்தான் என்று அதில் வரைந்தனர். லொக்கின் குரலே ஒலிப்பதுபோலத் தோன்றும். ஆனால், பாதுகாக்கப்பட்டவை பிரதானிகளின் உரிமைகள். வயலில் நின்ற குடியானவனை எவர் கேட்டனர்? கிளர்ச்சிக்குப் பின் 1818 நவம்பர் 21இல் வந்த பிரகடனம் அப்பிரதானிகளின் சலுகைகளையும் குறைத்தது. உடன்பட்டவர்க்கே அக்கதியென்றால், கேட்கப்படாதவர் கதி யாது?

மலைநாடு அதற்கு விடை சொல்லும். காடழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட நம் மக்கள், 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்றனர். கணக்கு முதலில் முடிந்தது. விண்ணப்பப் படிவம் பிறகே லயத்துக்கு வந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இடையில் 55 ஆண்டுகள்!

லொக்கின் கொள்கையிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு நாட்டின் பெருவீதியில் நடப்பவனே அதன் சட்டத்துக்கு மௌனமாய் உடன்பட்டவன் என்றார் அவர். நம் மக்கள் அவ்வீதியில் நடந்தது மட்டுமா? அதனாற் சென்ற செல்வத்தையே விளைவித்தனர். சட்டத்துக்குக் கீழ்ப்படியும் கடமை இருந்தது. சட்டஞ் செய்வோரைத் தெரியும் வாக்கு இல்லை.

"மௌனம் சம்மதம்" என்பது கலியாண வீட்டில் வழங்கும் பேச்சு. அங்குங்கூடப் பெண்ணின் மௌனத்துக்கு எத்தனை முறை தவறாகப் பொருள் கொண்டோம்! பெரியோர்கள் பொறுத்தருள்க.

தோழர்களே, நம் சங்கத்திலும் கை உயர்த்தாதவர் உடன்பட்டார் என்று கூட்ட அறிக்கையில் எழுதிவிடுகிறோம். இனி, பின்வரிசையில் இருப்பவரையும், பெண்களையும், தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருபவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கேட்போம். வாக்காளர் இடாப்பிற் பெயர் உண்டா என்று லயந்தோறும் சென்று விசாரிப்போம். அத்தனை ஆண்டு காத்துப் பெற்ற பெயர், நம் சோம்பலால் எழுதப்படாமற் போகலாகாது.

கேட்டபின் பெறுவதே சம்மதம்.