ஏற்காட்டு மேடையில் ஒரு பேஸ் கிட்டார் வழக்கு

நடுவர் அவர்களே, என்னை அடித்துத் துவைத்துப் பிழிந்துவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் சேலத்துச் சொந்தங்களே, சேர்வராயன் மலை மக்களே!

பேஸ் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் நாலு பேர் ஒரு டீக்கடையில் கூடினால் என்ன பேசுகிறார்கள்? “எனக்கென்று ஒன்று செய்தால் உடம்பு எந்த மரம், எத்தனை தந்தி, என்ன சாயம், உலகத்திலேயே மொத்தம் எத்தனை கிட்டார்?” இதைத்தான் பேசுகிறார்கள். டீ ஆறிப் போகும், பேச்சு ஆறாது. இந்தக் கனவால் இசைக்கு நன்மையா, கேடா என்பதுதான் நீங்கள் கொடுத்த தலைப்பு. நன்மையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

இங்கே இருக்கும் பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. பேஸ் கிட்டார் என்றால் வழக்கமாக நாலு தடித்த தந்தி. அதில் தடித்தது நொடிக்கு 41 தடவைதான் அதிரும். பாட்டில் யாரும் அதைக் குறிப்பாகக் கேட்பதில்லை, எடுத்துவிட்டால் மட்டும் பாட்டு தொளதொளத்துப் போகும். நம் ஊரில் அந்த ஓசைக்குக் காது கொடுக்க வைத்தவர் இளையராஜா. அவர் பாட்டுகளில் பாடகர் ஒரு மெட்டில் போவார், அடியில் பேஸ் வேறொரு மெட்டில் நடந்துகொண்டிருக்கும். அதை வருஷக்கணக்காக வாசித்தவர் சசிதரன். ரஹ்மான் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், பெயர்தான் பல பேருக்குத் தெரியாது. மேடையில் ஓர் ஓரமாக டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் அவர். வெளிச்சம் பாடகர் மேல்தான் விழும். அப்படி நிற்கிறவன் தன் கையில் இருக்கும் மரத்தைப் பற்றியாவது கனவு காணட்டுமே ஐயா, அதற்கும் வழக்கா?

எதிரணியில் பேசிய பேராசிரியர் அம்மா ஒரு பழமொழியை எடுத்து வீசினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நல்ல கைதட்டல் கிடைத்தது, நானும் தட்டினேன். ஆனால் அம்மா, சில நேரம் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கிறதே! மலிவான பேஸ் ஒன்றை வாங்கி இந்த மலையில் ஒரு மழைக்காலம் வைத்துப் பாருங்கள். பனி ஈரத்தில் கழுத்து வளையும், தந்தி துருப்பிடிக்கும். கழுத்தில் பதித்த பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியில் கை வைத்தால் சுருதி ஒரு பக்கம், சுவரம் ஒரு பக்கம். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் பையன் ‘என் கை சரியில்லை’ என்று வருஷக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டிருப்பான். கோளாறு கையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது என்று அவன் கண்டுபிடிப்பது எப்போது? ‘என் கனவு பேஸுக்கு எப்படிப்பட்ட கழுத்து வேண்டும்’ என்று விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான்.

அடுத்து வந்த தம்பி பால் மெக்கார்ட்னியைச் சாட்சிக்கு அழைத்தார். 1961-இல் ஹாம்பர்க் நகரத்தில் சுமார் 30 பவுண்டுக்கு ஒரு ஹாஃப்னர் பேஸ் வாங்கினார், அதை வைத்தே உலகத்தை ஆட்டிவிட்டார், அவர் என்ன கனவா கண்டுகொண்டிருந்தார் என்று கேட்டார். தம்பி, சாட்சியை அழைத்தீர்கள், முழுசாக விசாரிக்கவில்லை. மெக்கார்ட்னி இடது கைக்காரர். வயலின் போல இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருப்பதால், திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். தன் கையில் அது எப்படி இருக்கும் என்று மனசில் திருப்பிப் பார்த்தாரே, அதற்கு என்ன பெயர்? அந்த பேஸ் 1972-இல் திருடு போனது. 50 வருஷத்துக்கு மேல் கழித்து, கண்டுபிடித்து அவரிடமே சேர்த்தார்கள். வெறும் 30 பவுண்டுச் சாமான் என்றால் அத்தனை பேர் ஏன் தேட வேண்டும்?

இனி என் தரப்பு. இந்தக் கருவியே ஒரு கனவுதான் நடுவர் அவர்களே. ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த வாத்தியக்காரர்களுக்கு, கிட்டார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்கிற பேஸ் ஒன்று வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930-களிலேயே செய்து பார்த்தார். அதிகம் விற்கவில்லை, உலகமும் மறந்துவிட்டது. பிறகு 1951-இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் செய்தார், அது நின்றுவிட்டது. ஃபெண்டர் யார்? ரேடியோ ரிப்பேர்க்காரர். கிட்டார் வாசிக்கவே தெரியாது அவருக்கு! ஆடத் தெரியாதவர் கட்டிய கூடத்தில்தான் அம்மா இன்றைக்கு உலகமே ஆடுகிறது.

அப்புறம் பேஸ் வாசித்த ஜாக்கோ பஸ்டோரியஸ். அவரிடம் இருந்தது 1962-ஆம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ். மனசில் கேட்ட ஓசை வேறு, கையில் வந்த ஓசை வேறு. ஃப்ரெட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, பள்ளத்தை அடைத்து, படகுக்குப் பூசுகிற எபாக்ஸியைப் பலகை மேல் பூசினார். 1976-இல் அவருடைய முதல் ஆல்பம் வந்தபோது, பேஸ் இப்படியும் பாடுமா என்று உலகம் வாயைப் பிளந்தது. பிற்பாடு ஃபெண்டர் கம்பெனியே அவர் பெயரைப் போட்டு அதே மாதிரி பேஸ் செய்து விற்றது. முதலில் ஒருவன் கனவு கண்டு கிட்டாரைப் பாழாக்குகிறான், அப்புறம் கம்பெனி அதை லிமிடெட் எடிஷன் என்கிறது. வரிசை இப்படித்தான் போகிறது.

லிமிடெட் எடிஷன் என்பதே வியாபாரத் தந்திரம் என்றார்கள். பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். இருபத்தைந்தாயிரம் செய்ய முடிகிறவன் இருநூற்றைம்பதோடு நிறுத்தி, ஒரு சான்றிதழையும் கையில் கொடுத்து மூன்று மடங்கு காசு கேட்டால் அது தந்திரம்தான். ஆனால் கம்பெனி வைக்காத ஒரு வரம்பும் இருக்கிறது. அதை மரம் வைக்கிறது. ஃபெண்டர் 70 வருஷமாக ஆஷ் மரத்தில் கிட்டார் உடம்பு செய்தது. அந்த மரத்தை ஒரு வண்டு துளைத்துக் கொல்கிறது, அது வளர்கிற மிசிசிப்பிக் கரையில் வெள்ளம் வேறு. 2020-இல் வழக்கமான உற்பத்தியில் ஆஷை நிறுத்தி, குறிப்பிட்ட சில மாடல்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள்.

நம் ஊர்க் கதை இதைவிடப் பெரியது. உலகத்தில் செய்கிற கிட்டார்களில் விரல் பலகைக்குப் பேர் போனது நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். தமிழ்நாட்டில் 1994-இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது, பட்டா நிலத்தில் நிற்கிற ஈட்டியைக்கூட அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று. 2011-இல் அமெரிக்காவில் கிப்ஸன் கிட்டார் கம்பெனியில் சோதனை போட்டார்கள். இந்தியாவிலிருந்து போன ஈட்டிப் பலகை சட்டப்படி போனதா என்பது அதில் ஒரு கேள்வி. மடகாஸ்கர் கருங்காலி வழக்கையும் சேர்த்து, மறு வருஷம் மூன்று லட்சம் டாலர் அபராதத்தோடு சமரசம் ஆனது. 2017 தொடக்கத்தில் ஈட்டி இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வாத்தியக்காரர்கள் கிட்டாரோடு எல்லை தாண்டவே திண்டாடியதால், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கொடுத்தார்கள். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கனவு கிட்டாருக்கு எந்த மரம் என்று தேடப் போகிற பிள்ளைக்குத் தானாகத் தெரிகிறது.

வெள்ளைக்காரன் கருவிக்கு நாம் ஏன் இப்படி உருக வேண்டும் என்று ஒரு குத்தல் வேறு. தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். ஒரே பலா மரத்தில் குடம், தண்டி எல்லாம் குடைந்து எடுப்பது ஏகாந்த வீணை. அதில் ஃப்ரெட் மாதிரி 24 மெட்டு, இரண்டு ஸ்தாயி. 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் அந்த அமைப்பு நிலைபெற்றது என்பது மரபு. இன்றைக்கு உயர்ரக பேஸ் என்று சொல்வதிலும் பெரும்பாலும் 24 ஃப்ரெட், இரண்டு ஸ்தாயிதான். சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் ‘உரு’ என்ற பட்டறை வைத்து, ஏட்டில் மட்டும் இருந்த யாழை மறுபடி வாசிக்கிற கருவியாகச் செய்து காட்டினார். பார்த்து அளவெடுக்க ஒரு பழைய யாழ்கூட மிஞ்சவில்லை. கனவு காணாமல் அதை எப்படிச் செய்திருக்க முடியும்?

மணி அடிக்கிறார்கள், கேட்கிறது. என் கனவைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ‘ஏற்காடு எடிஷன்’. ஐந்து தந்தி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அந்தக் காப்பிக்கு நிழலாக இப்போது எஸ்டேட் எஸ்டேட்டாக நிற்கிறதே மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக், உடம்பு அதில்தான். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா, அங்கே அதில் மேஜை நாற்காலி செய்கிறார்கள். நடுவை நோக்கி அறுத்தால் பலகை முழுக்கப் பளபளவென்று புள்ளி விழும். அறுக்கிறவர்கள் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் சிலருக்குத் தோலில் அரிக்கும். கழுத்து பலா, உள்ளே இரண்டு கிராஃபைட் கம்பி, நம் பனிக்காக. விரல் பலகைக்கு ஈட்டி வேண்டாம், அது நின்றபடியே இருக்கட்டும். சாலை அகலப்படுத்தச் சாய்த்த புளிய மரத்து வைரம் போதும். குறிப்புப் புள்ளிகள், பிடுங்கிப் போட்ட கிழட்டுக் காப்பிச் செடியின் கட்டையில். மொத்தம் 20, வளைவுக்கு ஒன்று. விலை என்ன என்று கேட்காதீர்கள், என் வீட்டம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த 20-இல் ஒன்றுகூட இன்னும் செய்யப்படவில்லை. ஆனாலும் இதை யோசித்ததில் எனக்கு மரம் தெரிந்தது, சட்டம் தெரிந்தது, என் காது எந்த ஓசைக்கு ஏங்குகிறது என்றும் தெரிந்தது. ஆகவே நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள். எஸ்டேட் வைத்திருக்கும் ஐயாமார்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். காற்றில் சாய்ந்த சில்வர் ஓக்கை எல்லாம் பிளைவுட் கம்பெனி லாரியில் ஏற்றிவிடாதீர்கள். இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு பலகை மட்டும் எடுத்து நிழலில் அடுக்கி வையுங்கள். அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது மர வேலைக்காரர்கள் கணக்கு. அது காய்ந்ததும் நம் மலைப் பிள்ளைகளில் ஒருவனைக் கூப்பிட்டுக் கொடுங்கள்.