பிணமும் சாஸ்திரமும்
(பாலக்கோட்டில் வாசகர் கூட்டமொன்றில் ஒரு தோழர் பேசியதன் சாரம்)



வாழ்வையும் சாவையும் பற்றிய நாவல் ஒன்றைப் படித்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் பண்டிதனல்ல, பள்ளிக்கூடத்தைவிட வாசகசாலையில் அதிகம் கற்றவன். யு. ஆர். அனந்தமூர்த்தி 1965-ல் கன்னடத்தில் எழுதிய 'சம்ஸ்காரா'வை எடுத்துக்கொண்டேன். கன்னடம் நம் சந்தையிலேயே கேட்கிற பாஷைதானே! எழுதியவர் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகையால் இதைத் துவேஷமென்று ஒருவரும் தள்ளிவிட முடியாது.

துர்வாசபுரம் என்னும் அக்கிரகாரத்தில் நாரணப்பா என்ற பார்ப்பனர் இறந்து போகிறார். அவர் மாமிசம் தின்றவர், மது குடித்தவர், கீழ்ஜாதி என்று சொல்லப்பட்ட சந்திரியோடு வாழ்ந்தவர். ஆனால் அவரை ஜாதியைவிட்டு விலக்கவில்லை. ஆகவே அவருக்குக் கொள்ளி வைக்கலாமா, கூடாதா என்று வழக்கு. பிணம் கிடக்கும்வரை அங்கு ஒருவரும் சாப்பிடக் கூடாதாம்! செலவுக்கென்று சந்திரி தன் நகைகளைக் கழற்றி வைத்தாள். அதுவரை ஒதுங்கி நின்றவர்களே, கொள்ளி வைக்கும் பாத்தியதை தங்களுக்கென்று கிளம்பினார்கள். தங்கத்திற்கு மட்டும் தீட்டில்லை போலும்!

காசியில் படித்த பிராணேசாச்சாரியார் கிரந்தங்களைப் புரட்டினார்; விடையில்லை. மாருதி கோயிலில் பூக்கேட்டார், பூ விழவில்லை. அதற்குள் எலிகள் செத்து விழுந்தன. கூரைமேல் கழுகுகள் வந்து உட்கார்ந்தன. அபசகுனமென்று சங்கூதி அவற்றை விரட்டினார்கள்.

தோழர்களே, வந்தது பிளேக்! அதன் கிருமியை யெர்சின் என்பவர் 1894-லேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்தார். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியால் அது பரவுவதை 1898-ல் கராச்சியில் சிமோன் என்பவர் காட்டினார். கழுகை விரட்ட அக்கிரகாரத்தில் சங்கு இருந்தது. எலியைப் பற்றி யோசிக்கப் புத்தி இல்லை.

நாரணப்பாவின் பாவத்திற்கு வந்த தண்டனை இது என்று வைதிகர் சொல்லலாம். அப்படியானால், ஒரு பாவமும் அறியாமல் நோயாளியாய்ப் படுத்துக் கிடந்த ஆச்சாரியாரின் மனைவி ஏன் செத்தாள்? சேரியில் ஏழைகள் ஏன் செத்தார்கள்? அவர்களைப் பிணத்தோடு குடிசையாகவே கொளுத்தினார்கள். அதற்காக எந்தக் கிரந்தத்தையும் ஒருவரும் புரட்டவில்லை.

கடைசியில் அந்தப் பிணத்தை எரித்தது யார்? மீன் வியாபாரி அகமது பாரி, முன்பு நாரணப்பாவிடம் உதவி பெற்ற நன்றியால், ராத்திரியில் வண்டி கொண்டுவந்தான். அவனும் சந்திரியுமாகக் காரியத்தை முடித்தார்கள். சாஸ்திரம் தெரிந்தவர்களுக்கு ஆகாத காரியம், மனிதத்தன்மை உள்ள இருவருக்கு ஒரே ராத்திரியில் ஆயிற்று.

இது கதைதானே என்று நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே, சுடுகாட்டுக்கு வழி கிடைக்காமல், தாழ்த்தப்பட்ட தோழர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றமே அதைத் தானாக விசாரணைக்கு எடுத்தது. வாணியம்பாடி நமக்கு எவ்வளவு தூரம்?

ஆச்சாரியார் ஊர் திரும்பி என்ன சொன்னார் என்பதை அனந்தமூர்த்தி எழுதாமலே கதையை நிறுத்திவிட்டார். சிலர் அதைக் குறையென்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சொல்லாத பதிலை நாம்தான் சொல்லவேண்டும். உங்கள் ஊரில் எந்தத் தெருப் பிணம் எந்த வழியில் போகக்கூடாது என்று இருக்கிறது? நாளைக்கே போய்ப் பாருங்கள். அந்த வழியைத் திறக்க முயலுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.