ஆதொண்டைக் கொடியும் அதனை அண்டி வாழும் பூச்சிகளும்
(அதியமான்கோட்டையில் குடியானவர்கள் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம்)



வேலியிலுள்ள ஆதொண்டையை வெட்டிக் கொளுத்தப் போவதாக இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் இன்று காலை என்னிடம் கூறினார். புழு மொய்த்துக் கொடி மொட்டையாகிவிட்டதாம். அடுத்துள்ள கேழ்வரகையும் அது தின்றுவிடுமென்று அஞ்சுகிறார். அந்த அச்சத்தைக் குறித்தே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

ஆதொண்டையை நீங்கள் அறியாதவர்களல்லர். வறண்ட காடுகளிலும் புதர்களிலும் வளைந்த முட்களால் பற்றிக்கொண்டு ஏறும் கொடி அது. பூ மலர்கையில் வெண்மையாகவும் பின்னர்ச் செம்மையாகவும் இருக்கும். காயை நம் பெண்டிர் உப்பிட்டு உலர்த்தி வற்றலாக்குவர். ஆதொண்டைச் சக்கரவர்த்தியின் பெயரை இக்கொடியோடு சேர்த்துக் கூறுவாருமுண்டு. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

இதன் இலையில் கடுகின் காரத்தை உண்டாக்கும் சத்து இருக்கிறது. இலையைக் கடித்தவுடன் அது உறைப்பான நஞ்சாக மாறும். ஆகவே பெரும்பாலான பூச்சிகள் அண்டுவதில்லை. வெண்ணிறப் பட்டாம்பூச்சிகளில் சில இனங்களின் புழுக்களுக்கோ அந்நஞ்சை வயிற்றிலேயே முறிக்கும் வல்லமையுண்டு. தாய்ப் பூச்சி இலையில் அமர்ந்து காலாலேயே சுவை பார்த்து, இதுதான் தன் மக்களுக்குரிய இலையென்று தெளிந்த பின்னரே முட்டையிடுகிறது. பயனியர் என்னும் இனம் முட்டைகளைக் கூட்டமாக இடும். அதன் புழுக்களும் கூட்டமாகவே மேயும். பெரியவர் கண்டது இத்தகையதாகவே இருக்கலாம். காடு தழைத்த இடங்களில், சிறகு நுனியில் ஆரஞ்சு நிறத் திட்டுள்ள பெரிய வெண்பூச்சியும் இதில் வளரும். அதன் பச்சைப் புழுவைத் தீண்டினால் முன்னுடலை உயர்த்திப் பருக்கச் செய்யும்; கண்கொத்திப் பாம்பின் குட்டியோவெனக் கையை இழுத்துக்கொள்வோம்!

காரமே இவற்றுக்கு அடையாளம். அக்காரம் இல்லாத கேழ்வரகிலும் நிலக்கடலையிலும் இவை முட்டையிடா. பசித்தாலும் அவற்றைத் தின்று வளரமாட்டா. அப்பயிர்களைத் தின்னும் புழுக்கள் வேறு. அவற்றைக் கண்டால் தக்க பரிகாரம் செய்யத்தான் வேண்டும். வேலியிலுள்ள புழுக்களைக் குருவிகள் கொத்திக்கொண்டு போய்த் தம் குஞ்சுகளுக்கு ஊட்டும்.

மொட்டையான கொடி மறுபடியும் துளிர்க்கும். வழியை மறைக்குமாயின் கழித்துவிடுங்கள். ஆனால் முழுவதையும் ஒரே நாளில் கழிக்க வேண்டாம். இவ்வாண்டு ஒரு பாதி, மறு ஆண்டு மறு பாதி. அடித்தூரில் அரிவாள் படலாகாது, தீயும் படலாகாது. காய் பறிக்கும் பெண்களைக் கேட்டுக்கொண்டு எந்தப் பாதியென்று முடிவு செய்யுங்கள்.