ஏழாண்டுத் திட்டம் போடுங்கள்!

(வணிகர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியோர்களே! கடையைச் சற்று நேரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! என் அன்பிற்குரிய மாணவச் செல்வங்களே!

ஒரு கணக்கோடு பேச்சைத் தொடங்குகிறேன். வணிகர்கள் அமர்ந்திருக்கும் சபையில் கணக்குப் பேசினால் யாருக்கும் தூக்கம் வராது அல்லவா?

2006ஆம் ஆண்டு நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதில் ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களைப் பற்றிய ஒரு கணக்கு உண்டு. 2004-05, 2005-06 ஆண்டுகளில் அங்கே படித்தவர்கள் 4743 பேர். அவர்களில் முஸ்லிம்கள் எத்தனை பேர் தெரியுமா? 63 பேர்! நூற்றுக்கு 1.3! அன்றைய மக்கள் தொகையில் நாம் நூற்றுக்கு 13.4 பேர்.

எண்ணிப் பாருங்கள்! கொழும்பிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் கடை விரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தோல், துணி, மளிகை, பாத்திரம் என்று நாம் கால் வைக்காத தொழில் இல்லை. ஆனால் வணிகத்தையும் நிர்வாகத்தையும் கற்றுத்தரும் நாட்டின் முதல்தரக் கல்விக்கூடங்களில் நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. ஏன்?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. சிலவற்றுக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்க வேறு மேடைகள் இருக்கின்றன. இன்று நம் கையில் இருக்கும் காரணத்தை மட்டும் பேசுகிறேன். நாம் தாமதமாகத் தொடங்குகிறோம். அதுதான் அந்தக் காரணம்.

நான்கு மாதத்தில் முடியுமா?

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் மகன். புத்திசாலிப் பிள்ளை. கல்லூரி இறுதியாண்டில் ஜூலை மாதம் வந்து, "ஹஜ்ரத், நவம்பரில் கேட் தேர்வு எழுதப் போகிறேன்" என்றான். அவனுடைய அத்தா பெரிய தொகை கட்டிப் பயிற்சியில் சேர்த்தார். நான்கு மாதம் இரவு பகலாகப் படித்தான். முடிவு வந்தது. எந்த ஐ.ஐ.எம்.மும் அழைக்கவில்லை. அத்தா என்ன சொன்னார்? "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது. வந்து கல்லாவில் உட்கார்!"

சகோதரர்களே! கல்லாவில் உட்காருவது இழிவன்று. ஹலாலான தொழில் எதுவும் இழிவன்று. ஆனால் "நமக்குச் சரிப்படாது" என்ற அந்தத் தீர்ப்பு இருக்கிறதே, அது தவறான தீர்ப்பு. தென்னங்கன்று நட்ட நான்காம் மாதம் தேங்காய் இல்லை என்று மரத்தை வெட்டுவோமா?

இது என்ன தேர்வு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பொறியியல் பட்டதாரிகள் எழுதும் 'கேட்' வேறு, இது வேறு. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் குழம்ப வேண்டாம். இது ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு. ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் கடைசியை ஒட்டி நடக்கும். 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கிய இந்த நிறுவனங்கள் இன்று இருபதுக்கும் மேல் இருக்கின்றன. 2011இல் நம் திருச்சிக்கே ஒன்று வந்துவிட்டது. புதுக்கோட்டைச் சாலைப் பக்கம் இருக்கிறது. தொலைவு என்றுகூட இனிச் சொல்ல முடியாது.

எந்தப் பட்டப்படிப்பானாலும் சரி, பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் எழுதலாம். இறுதியாண்டில் இருப்பவரும் எழுதலாம். பி.காம். படித்தவனும் எழுதலாம், பி.ஏ. படித்த நம் பெண் பிள்ளையும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை.

தேர்வு கணினியில். 120 நிமிடம். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஆங்கில வாசிப்பு முதலாவது. அட்டவணை, படம், புதிர் ஆகியவற்றிலிருந்து விடை காண்பது இரண்டாவது. கணக்கு மூன்றாவது. ஒரு பகுதியின் நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. 2024இல் 68 வினாக்கள் வந்தன. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுக்கப்பட்ட விடைகளில் தவறானதைத் தொட்டால் 1 மதிப்பெண் குறையும். விடையை நாமே தட்டெழுத வேண்டிய வினாக்களுக்கு அந்தக் கழிவு இல்லை.

பலர் "99 வேண்டுமாம், யாரால் முடியும்?" என்று மலைக்கிறார்கள். அது 99 மதிப்பெண் அன்று. எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரை நாம் முந்தியிருக்கிறோம் என்று பொருள். 2024இல் சுமார் 2.93 இலட்சம் பேர் எழுதினார்கள். முதல் மூவாயிரம் பேருக்குள் வந்தால் அதுதான் 99. எல்லா வினாக்களுக்கும் விடை எழுத வேண்டியதில்லை. எதை விடுவது என்று தெரிந்தவனே வெல்கிறான். சந்தையில் எந்தச் சரக்கை வாங்காமல் விடுவது என்று தெரிந்தவர்தானே நல்ல வியாபாரி?

வியாபாரி மகனுக்குத் தெரிந்த கணக்கு

ஒரு கேள்வி கேட்கிறேன். 100 ரூபாய்ச் சரக்குக்கு 20 விழுக்காடு ஏற்றி விலை போடுகிறோம். பிறகு 20 விழுக்காடு தள்ளுபடி தருகிறோம். இலாபமா, நட்டமா?

முன்வரிசைப் பெரியவர் உடனே சொல்லிவிட்டார், நான்கு ரூபாய் நட்டம் என்று! 120 ரூபாயில் 24 போனால் 96. இந்த அடிப்படையில்தான் அந்தத் தேர்வில் விழுக்காட்டுக் கணக்குகள் பல வருகின்றன. விகிதம், கலவை, கூட்டு வணிகத்தில் பங்குப் பிரிவினை, எல்லாம் நம் கடையில் தினமும் நடப்பவை. அடிப்படை பள்ளிக்கூடப் பாடம்தான். சுற்றி வளைத்துக் கேட்பார்கள். நேரம் குறைவு. அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படியானால் நம் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள்? வாசிப்பில்! முதல் பகுதியில் 24 வினாக்கள் என்றால் அதில் 16 வினாக்கள் நீண்ட ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடை சொல்பவை. தத்துவம், வரலாறு, விஞ்ஞானம், பொருளாதாரம் என்று எதுவும் வரும். இந்தப் பழக்கத்தை நான்கு மாதத்தில் எந்தப் பயிற்சி நிலையமும் ஊட்ட முடியாது. அது ஆண்டுக்கணக்கில் ஊற வேண்டிய பழக்கம். பத்திரிகை வராத வீட்டில், புத்தகம் இல்லாத வீட்டில் அது எப்படி வரும்? ஆயிரக்கணக்கில் செலவழித்துத் திருமண மண்டபத்துக்கு விளக்குப் போடும் நாம், ஓர் ஆங்கில நாளிதழுக்கு மாதப் பணம் கட்ட யோசிக்கலாமா?

ஏழு ஆண்டுகள்

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரியும். பஞ்சம் வந்தபிறகு அவர்கள் தானியம் தேடவில்லை. விளைச்சல் இருந்த ஏழு ஆண்டுகளிலேயே சேமிக்க வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பட்டம் முடிக்கும்வரை எண்ணுங்கள். நான்கும் மூன்றும் ஏழு. பொறியியல் என்றால் எட்டு. இதுவே நம் பிள்ளைகளின் சேமிப்புக் காலம்.

முதல் நான்கு ஆண்டுகள், பள்ளிக்கூடம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நேர்காணலுக்கு அழைக்கும்போதும் இறுதிப் பட்டியல் போடும்போதும் பல ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்க்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். ஆனால் பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்ட மதிப்பெண்ணை இருபது வயதில் திருத்த முடியாது! ஆகவே தேர்வுக்கான தயாரிப்பு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் சிறப்புப் பயிற்சி எதுவும் வேண்டாம். பள்ளிப் பாடம் ஒழுங்காக, அதோடு நாள்தோறும் அரைமணி நேரம் ஆங்கில வாசிப்பு. போதும்.

கல்லூரி முதலாண்டு: ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள கணக்குப் புத்தகங்களை மீண்டும் முழுமையாகப் போடுங்கள். வெட்கப்படாதீர்கள். நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று நான்கு வரியில் எழுதுங்கள்.

இரண்டாம் ஆண்டு: தலைப்புத் தலைப்பாகப் பயிற்சி. விழுக்காடு, விகிதம், வேகமும் நேரமும், இயற்கணிதம், வடிவியல். அதோடு நாளுக்கு இரண்டு புதிர்கள்.

மூன்றாம் ஆண்டு: ஜூன் முதல் வாரம் ஒரு மாதிரித் தேர்வு. பிறகு இரண்டு. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துப் போடுங்கள். தேர்வு எழுதுவதைவிட முக்கியமானது, மறுநாள் அதை அலசுவது. தெரியாமல் தவறியது எது, அவசரத்தில் தவறியது எது, தொடாமல் விட்டிருக்க வேண்டியது எது என்று மூன்று பத்தியாக எழுதி வையுங்கள். கல்லாவை எண்ணாமல் கடையை அடைக்கும் வியாபாரி உண்டா?

நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன், மதரஸாவில் ஓதியவன். ஆனால் நீண்ட காலத் தயாரிப்பு எப்படி என்பதை மதரஸா எனக்குக் கற்றுத் தந்தது. ஹிஃப்ளு ஓதும் பிள்ளை தினமும் உஸ்தாதிடம் மூன்று ஒப்புவிப்பான். இன்றைய புதிய சபக், கடந்த சில நாட்களின் பாடம், பழைய ஜுஸ்உ ஒன்று. புதியதை மட்டும் ஓதிக்கொண்டு போனால் பழையது கைநழுவிவிடும். பத்து வயதுப் பிள்ளைகள் இந்த முறையில் முழுக் குர்ஆனையும் நெஞ்சில் ஏற்றுகிறார்கள். அதே முறையைக் கணக்குக்கும் கடைப்பிடியுங்கள். ஸுப்ஹுக்குப் பிறகு உறங்காமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

நான் செய்த தவறு

இனி ஒரு வேதனையைச் சொல்கிறேன். நம் ஊர்ப் பையன் ஒருவன் விண்ணப்பிக்கும்போது என்னிடம் சாதிச் சான்று பற்றிக் கேட்டான். "நம்மிடம்தான் பி.சி.எம். சான்று இருக்கிறதே, அதை வை" என்றேன். அது மாநில அரசுக்கான சான்று. மத்திய நிறுவனங்களுக்கு அது செல்லாது என்பது எனக்குத் தெரியவில்லை. கடைசி நாள் நெருங்கிவிட்டதால் பொதுப் பிரிவில் விண்ணப்பித்தான். விண்ணப்பம் முடிந்தபின் பிரிவை மாற்ற முடியாது. உரிமை இருந்தும் ஓர் ஆண்டு இழந்தான். அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அது என் தவறு. அதனால்தான் ஊர் ஊராக இதைச் சொல்லி வருகிறேன்.

தமிழகத்தில் 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காடு மாநில ஒதுக்கீடு. ஐ.ஐ.எம்.களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. இது மத்தியப் பட்டியல்படி. இரண்டு பட்டியலும் ஒன்றல்ல. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை பிரிவினர் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் பிரிவு அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியரிடம் மத்திய அரசுக்குரிய படிவத்தில், 'வசதி படைத்த பிரிவினர் அல்லர்' என்ற சான்றை அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். விண்ணப்பம் ஆகஸ்டில் தொடங்கும். ஏப்ரலிலேயே அலுவலகத்துக்குப் போங்கள்.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. வணிக வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அதற்காகப் பொய்க் கணக்குக் காட்டாதீர்கள். பொய்யில் தொடங்கும் கல்வியில் பரக்கத் இருக்காது. இன்னொரு ஏழையின் இடமும் பறிபோகும்.

பணத்துக்கு என்ன வழி?

பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 இலட்சத்தைத் தாண்டுகிறது. வங்கிகள் கடன் தருகின்றன, ஆனால் வட்டிக்கு! இடம் கிடைத்தும் இந்த இடத்தில் தயங்கி நிற்கும் இளைஞனிடம் "வட்டி ஹராம்" என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடலாம். என் கடமை முடிந்துவிடுமா? மாற்று வழி காட்டாத தீர்ப்பு அவனை எங்கே கொண்டு போய்விடும்?

கணக்குப் போடுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 5,000 ரூபாய் எடுத்து வைத்தால் ஏழு ஆண்டில் 4,20,000 சேரும். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தரும் நிறுவனங்களும் உண்டு; கேட்டுப் பெறுங்கள். மீதிக்கு? இந்த மண்டபத்தில் வசதியுள்ள வணிகர்கள் இருபது பேர் இருக்க மாட்டார்களா? ஆளுக்கு ஒரு இலட்சம் என்றால் 20 இலட்சம். நன்கொடை அன்று, அழகிய கடன்! எழுத்தில் எழுதி, சாட்சி வைத்து, வேலைக்குப் போனபின் தவணையில் திருப்பித் தரட்டும். அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். ஆண்டுக்கு ஒருவரை அனுப்பினால்கூடப் பத்தாண்டில் பத்துப் பேர். 4743இல் 63 என்ற கணக்கு இப்படித்தான் மாறும். கண்டனக் கூட்டத்தால் மட்டும் மாறாது.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நம் வீட்டில் கூடுதல் மதிப்பெண் வாங்குவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

மாணவர்களே! கடைசியாக உங்களுக்கு. ஏழாண்டு உழைத்தும் இடம் கிடைக்காமல் போகலாம். அப்போதும் எதுவும் வீணில்லை. கேட் மதிப்பெண்ணை ஏற்கும் வேறு கல்லூரிகள் பல உண்டு. தமிழகத்தில் டான்செட் தேர்வு உண்டு. மறு ஆண்டு மீண்டும் எழுதலாம். எதுவுமே அமையாமல் அத்தாவின் கடைக்கே வந்தாலும், படிக்கவும் கணக்கிடவும் திட்டமிடவும் தெரிந்தவனாகக் கல்லாவில் உட்காருவாய்!

பெரியோர்களே! கூட்டம் முடிந்து கலையும்போது வாசலில் ஒரு பேரேடு வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர். எதிர்ப்பக்கத்தில் அழகிய கடன் தர முன்வருவோரின் பெயர். இரண்டு பக்கமும் நிரம்பினால்தான் கணக்கு நேராகும்.

அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக! வஸ்ஸலாம்.